வெர்லின் ஜெயித்த துப்பாக்கி

ஆர்லிஸ் ஹெக்லண்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவளைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இரண்டு கூட்டமும் காலையில் முட்டைக்கும் காபிக்கும் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும், அதனால் எல்லாப் பேச்சும் என் காதில் விழும். அவளுக்குப் பைத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபம். எனக்கும் அதே கோபம் உண்டு. எனக்கு வாய் இருக்கிறது, கத்தித் தீர்த்துக்கொள்வேன். ஆர்லிஸ் கத்துகிற ரகம் இல்லை.

மளிகைக் கடையின் பின்பக்கம் கறி வெட்டும் மேடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. யார் வீட்டுக்கு எந்தத் துண்டு, யாருக்குக் கொழுப்பு ஆகாது, யார் ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். பெரும்பாலும் அவள்தான் சுடுவாள். புருஷன் வெர்லின் மரத்தடியில் சாண்ட்விச் தின்றுவிட்டுத் தூங்குவான். அவள் சுட்டதை ஊரெல்லாம் தான் சுட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிவான், அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். துப்பாக்கியைக் கண்டு மிரளுகிற குடும்பம் இல்லை அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாரோ ஒரு பட்டணத்துக்காரி பேச்சைக் கேட்டு அவள் கெட்டுப்போனாள் என்று ஒரு கதை கட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை. அன்றைக்கு, கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் கூடத்தில் அணிகளுக்குள் போட்டி. வெர்லின் தீயணைப்புப் படை அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். எங்கள் படையில் யாருக்கும் சம்பளம் கிடையாது, விவசாயியும் மெக்கானிக்கும் மணி அடித்தால் ஓடி வருவார்கள், வெர்லின் முதல் ஆளாக ஓடுவான். காலையில் வேட்டைச் சாமான் கடையில் விடாமல் சுடுகிற ராணுவ மாதிரித் துப்பாக்கி ஒன்றை வாங்கிய ஒருத்தன் மாலையில் கூடத்துக்குள் வந்தான். வாங்கியது முழுக்கச் சட்டப்படி. அவன் பெயரை நான் சொல்லமாட்டேன். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். பதினோரு பேர் செத்தார்கள், வெர்லினும் அதில் ஒருத்தன். மான் துப்பாக்கி கொண்டு வந்திருந்தால் அவன் மறுபடி தோட்டா போடுவதற்குள் பக்கத்தில் நின்றவன் பௌலிங் பந்தாலேயே மண்டையைப் பிளந்திருப்பான். எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்த அளவு தைரியம் உண்டு. தைரியத்துக்கு நேரம்தான் இல்லாமல் போய்விட்டது.

அந்த மாதிரித் துப்பாக்கியை விற்கக் கூடாது என்று எங்கள் மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா ஏற்கெனவே இருந்தது. வேறொரு ஊரில், ஒரு பள்ளியில் சாவு விழுந்தபோது கொண்டு வந்தது. அது எந்தக் குழுவுக்குப் போனதோ அந்தக் குழுவின் தலைவர் எங்கள் ஊர்க்காரர், ரஸ் டெட்மன். ஜனங்கள் வந்து பேசுகிற விசாரணைக்குக் குழுத் தலைவர் நாள் குறித்தால்தான் மசோதா நகரும். ரஸ் அதை மேசை டிராயரில் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிணற்றில் போட்ட கல்.

செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவரிடம் போனார்கள். ரஸ் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார். அழவும் அழுதார். நிஜமான கண்ணீர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆர்லிஸும் ரஸ்ஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ரஸ், அந்த மசோதாவை வெளிய எடு," என்றாள்.

"ஆர்லிஸ், மனசு ஆறட்டும்மா. இப்ப அரசியல் பேசற நேரமா இது? நான் தினமும் உனக்காக ஜெபம் பண்றேன்."

"எப்ப நேரம்?"

"எல்லாத்துக்கும் ஒரு காலம் வரும்."

என் கடையில் வந்து இதைச் சொன்னாள். காபியில் சர்க்கரை போட மறந்து, கலக்கிக்கொண்டே இருந்தாள்.

இப்போது குலுக்கலுக்கு வருகிறேன். தண்ணீர்க் குழாய் வாங்க, வண்டிக்குச் சக்கரம் மாற்ற, தீயணைப்புப் படை வருஷா வருஷம் ஒரு மீன் வறுவல் விருந்து வைக்கும். அதோடு பரிசுச் சீட்டுக் குலுக்கல். முதல் பரிசு எப்போதும் ஒரு துப்பாக்கி. முன்பெல்லாம் மான் துப்பாக்கி வைத்தார்கள். சீட்டு சரியாகப் போகவில்லை என்று நாலைந்து வருஷமாக அந்த ராணுவ மாதிரியை வைக்க ஆரம்பித்தார்கள், சீட்டு பறந்தது. ஜனவரியிலேயே விற்று முடித்துவிடுவார்கள். இந்த வருஷம் சாவு விழுந்ததும் படைத் தலைவன் கோர்டி கூட்டம் போட்டு யோசித்தான். யோசித்து என்ன முடிவு எடுத்தார்கள் தெரியுமா? மரியாதைக்காக விருந்தை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான். பரிசை மாற்ற ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. செத்தவர்களின் சீட்டை டப்பாவிலிருந்து எடுக்கவும் தோன்றவில்லை.

ஆர்லிஸ் வரமாட்டேன் என்றாள். வெர்லினுக்கு ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிக்கப் போகிறோம், நீ இல்லாமலா என்று கோர்டி கெஞ்சி அழைத்து வந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். உட்கார்ந்ததும் மீன் வந்தது, ரொட்டி வந்தது, பீர் வந்தது. பிறகு மேடையில் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்கள். அதே துப்பாக்கி. அதே கம்பெனி, அதே மாதிரி. ஒரு குழந்தை கைதட்டியது.

சீட்டு எடுக்கிற கௌரவம் வழக்கம்போல ரஸ் டெட்மனுக்கு. டப்பாவைச் சுற்றினார், கையை விட்டார், எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பழக்க தோஷம், மைக்கில் சத்தமாகப் படித்துவிட்டார்.

"வெர்லின் ஹெக்லண்ட்!"

இரண்டாவது தடவை படிக்க வாயைத் திறந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. மண்டபத்தில் மீன் முள் விழுந்தால் கேட்டிருக்கும். வெர்லின் வருஷா வருஷம் சீட்டு வாங்குவான், ஒரு தடவைகூட எதுவும் விழுந்ததில்லை. ஒரு கோழிகூட விழுந்ததில்லை.

கோர்டி ஓடி வந்தான். "ஆர்லிஸ், கடவுள் சத்தியமா... எங்களுக்குத் தோணவே இல்ல. வேற சீட்டு எடுத்துடறோம். நீ வீட்டுக்குப் போம்மா, லுவான் கூட்டிட்டுப் போவா," என்று என்னைக் காட்டினான்.

"ஆள் இல்லன்னா பரிசு யாருக்கு?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"அது... குடும்பத்துக்கு. ஆனா..."

"அப்ப எனக்குத்தான்."

"உனக்கு எதுக்கு இது? அதுக்குப் பதிலா குளிர்பெட்டி நெறையக் கறி தரோம்."

"கறி நானே வெட்டறேன் கோர்டி. துப்பாக்கியைக் கொடு."

நேராகக் கையில் கொடுக்க முடியாது. கடைக்குப் போய் விண்ணப்பம் எழுதி, போலீஸ் வழக்கு உண்டா என்று பார்த்துத்தான் தருவார்கள். எந்தக் கடை என்று நான் சொல்ல வேண்டுமா? ஊரில் ஒரே கடைதான். அவள் போனாள். கடைக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமலே விண்ணப்பத்தை நீட்டினான் என்றாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததாம். "எங்க கடையில சீஸ் வாங்கக்கூட இதைவிட நேரம் ஆகும்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கடையின் பின்வாசலில் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். தோட்டாப் பெட்டி சொருகுகிற இடம் காலி. தோட்டா ஏறுகிற அறையைத் திறந்து உள்ளே விரலை விட்டுக் காட்டினாள். அங்கேயும் காலி.

"ஒரு தோட்டாகூட வாங்கல லுவான். வாங்கவும் மாட்டேன். இது உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"இதை வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற?"

"காபி குடிக்கப் போறேன்."

சனிக்கிழமை காலை ரஸ் என் கடையில்தான் தொகுதி மக்களைச் சந்திப்பார். 'ரஸ்ஸோடு காபி' என்று கண்ணாடியில் அட்டை ஒட்டியிருக்கும். ஆர்லிஸ் அடுத்த மேசையில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். துப்பாக்கி மடியில். முனை தரையைப் பார்த்து இருந்தது, கை அதன் மேல் இல்லை, கை காபிக் கோப்பையில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஸ் சிரிக்கப் பார்த்தார். பால் விலையைப் பற்றிப் பேசப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்.

அடுத்த சனியும் வந்தாள். அதற்கடுத்த சனியும். ரஸ் ஷெரிஃபை அழைத்தார். ஷெரிஃப் வந்தார், தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார்.

"ரஸ், இவங்க யாரையும் குறி பாக்கல. மிரட்டல. வெளிய தெரியற மாதிரி எடுத்துட்டு வர யார் அனுமதியும் வேண்டாம்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்கு மேடை மேடையாப் பேசினதே நீங்கதானே?"

ரஸ் என்னிடம் திரும்பினார். "லுவான், கடை உன்னது. துப்பாக்கிக்கு அனுமதி இல்லன்னு ஒரு பலகை மாட்டிடேன். முடிஞ்சுது."

"அய்யோ, அவங்க உரிமை இல்லையா அது?" என்றேன். அதைச் சொன்னபோது நாக்கில் தேன் தடவியது போல இருந்தது. பொய் சொல்வானேன்.

எனக்கு வியாபாரம் படுத்தது. குழந்தைகளோடு வருகிறவர்கள் நின்றுபோனார்கள், அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஊரில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆர்லிஸ் அதே துப்பாக்கியோடு தேவாலயத்துக்குப் போனாள், மறு வாரம் தேவாலயக் கதவில் பலகை. வங்கிக்குப் போனாள், வங்கியில் பலகை. மீன் வறுவல் மண்டபத்தில், அந்தத் துப்பாக்கியையே பரிசாக வைத்த அதே மண்டபத்தில், கோர்டி பலகை மாட்டினான். வேட்டைச் சாமான் கடையில் மட்டும் புதிதாக மாட்டவில்லை. அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்தது: தோட்டாவைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். விற்கிறவனுக்குத் தெரியாதா சரக்கு என்னவென்று?

ஜூன் முதல் சனிக்கிழமை ரஸ் தன் பெண்டாட்டி கரோலையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஆர்லிஸ் அடங்குவாள் என்று நினைத்திருப்பார். கரோல் நல்லவள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்ட நின்றுகொண்டிருந்தாள். அப்போது என் கையிலிருந்த தட்டுக் குவியல் தரையில் விழுந்து நொறுங்கியது. கை தவறியது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

கடை முழுக்கக் குனிந்தது. ரஸ் மேசைக்கு அடியில் இருந்தார். அந்தப் பெரிய உடம்பு எப்படி அவ்வளவு வேகமாக உள்ளே போனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கரோல் கோட்டைக் கையில் பிடித்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கீழே இழுக்க அவர் கை நீளவில்லை. அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, குனிந்து புருஷனைப் பார்த்தாள்.

ஆர்லிஸ் எழுந்து போய் மேசைப் பக்கத்தில் மண்டியிட்டாள். துப்பாக்கியில் தோட்டா ஏறுகிற அறையைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"காலி, ரஸ். என்னைக்குமே காலிதான்."

"எனக்கு எப்படித் தெரியும்?" ரஸ்ஸுக்குக் குரல் கீச்சென்று வந்தது. "நீ என்ன பண்ணுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. பௌலிங் கூடத்துல அவங்களுக்கும் தெரியல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ரஸ்ஸுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து நான் சாசேஜ் வாங்கக் கறி மேடைக்குப் போயிருந்தேன். அங்கே எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ரஸ் டெட்மன் நின்றுகொண்டிருந்தார். அவர் எண் வரும் வரை ஆர்லிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாப்பத்தி மூணு."

"ஆர்லிஸ், கொஞ்சம் பேசணும்."

"இங்க கறி விக்கிறோம்."

"சரி, ரெண்டு பவுண்டு அரைச்ச மாட்டுக்கறி."

அவள் இயந்திரத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் ரஸ் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"எப்ப நிறுத்துவே நீ? கரோல் என்கிட்டப் பேசறதில்ல!"

"மசோதாவை வெளிய எடு. விசாரணை வை. எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் பேசணும், நீ உக்காந்து கேக்கணும். அப்பறம் எல்லார் முன்னாடியும் அதுக்கு ஆதரவாக் கையைத் தூக்கு. மறுநாளே அந்தத் துப்பாக்கிச் சனியனை ரெண்டா அறுத்துப் போடறேன்."

"என் கட்சிக்காரனே என்னை உரிச்சுடுவான்!"

ஆர்லிஸ் இயந்திரத்தை நிறுத்தினாள். "எனக்கும் உரிக்கத் தெரியும் ரஸ். பயப்படாதே, செத்தப்புறம்தான் உரிப்பாங்க." பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். "அடுத்தது, நாப்பத்தி நாலு."

ரஸ் நாள் குறித்தார். பள்ளிப் பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போனோம். வாசலில் காவலர் எங்கள் கைப்பையைக் குடைந்தார், இடுப்புப் பட்டையைத் தடவினார், ஒரு கிழவியின் பின்னல் ஊசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். உள்ளே சட்டம் போடுகிறவர்கள் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு குடும்பமும் பேசியது. சாயங்காலம் வரை ஆனது, ரஸ் எழுந்து போகவில்லை. அவர் கையைத் தூக்கினார். ஒரே ஒரு ஓட்டில், அவர் ஓட்டில், மசோதா குழுவைத் தாண்டியது. ஆர்லிஸ் மறுநாளே வெல்டிங் பட்டறைக்குப் போய் அந்தத் துப்பாக்கியைச் சொன்னபடி அறுத்துப் போட்டாள். அடுத்த மாதம் முழுச் சபையில் மசோதா தோற்றது. கடையில் அந்த மாதிரித் துப்பாக்கி இன்றும் விற்கிறது. வருகிற வருஷம் மறுபடி கொண்டு வருவார்கள், மறுபடி பேருந்து எடுப்போம்.

ரஸ்ஸின் கட்சிக்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. ஆகஸ்டில் வேட்பாளர் யார் என்று கட்சிக்குள் நடக்கிற தேர்தலில் ஒரு இளைஞனை எதிரே நிறுத்தினார்கள். அவன் ஊரெல்லாம் நட்ட பலகையில் அந்தத் துப்பாக்கியின் படம் இருந்தது, ரஸ் துரோகி என்று எழுதியிருந்தது. கரோல் ஆர்லிஸைத் தேடி என் கடைக்கு வந்தாள். "பத்திரிகையில ஒரு வார்த்தை எழுது ஆர்லிஸ். நீ சொன்னா ஜனங்க கேப்பாங்க. நீ கேட்டதைத்தானே செஞ்சார்?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்லிஸ் அவள் கையைத் தடவிக் கொடுத்தாள், காபி வாங்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானாக இருந்தால் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு வாய் பேசினாலும் எனக்கு அந்த அளவு நெஞ்சுரம் கிடையாது. ரஸ் படுதோல்வி.

மறுநாள் காலை அவர் சவரம்கூடச் செய்யாமல் கடைக்குள் வந்தார். வேலைக்குப் போகுமுன் ஆர்லிஸ் தட்டில் முட்டையோடு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷப் பதவி. போச்சு. நீ கேட்டதெல்லாம் செஞ்சேன் ஆர்லிஸ். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்ப செஞ்சே?"

"என்ன எப்ப?"

"அந்த மசோதா முதல்ல உன் மேசைக்கு வந்தப்ப வெர்லின் உயிரோட இருந்தான். அன்னைக்குக் கையைத் தூக்கியிருந்தா, ஊர் ஊராப் போய் உனக்கு ஓட்டுக் கேட்டிருப்பேன். அவனும் கூட வந்திருப்பான்."

ரஸ் மேசையிலிருந்த உப்புப் புட்டியைத் தள்ளி வைத்தார். "எல்லாத்தையும் பறிகொடுத்துட்டேன். இப்ப உனக்கு நிம்மதியா?"

ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"பதவிதானே போச்சு? எழுந்து வீட்டுக்குப் போ ரஸ். கரோல் காத்துக்கிட்டு இருப்பா."

 ரஸ் எழுந்து வீட்டுக்குப் போனார்.